பிரார்த்தனை உருண்டையான கதை

பள்ளி ஆய்வுக்கூடத்தில் போராக்ஸ் மணிச் சோதனை செய்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சிறு வளையமாக வளைத்துக் கொள்கிறோம். அதைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, போராக்ஸ் தூளில் தொட்டு, மறுபடியும் சுடரில் காட்டுகிறோம். தூள் முதலில் பொரிந்து உப்புகிறது. பிறகு அடங்கி உருகி, வளையத்துக்குள் நிறமற்ற கண்ணாடித் துளி ஒன்றாய் நிற்கிறது. அதுதான் மணி. அதைக் கோபால்ட் உப்பில் இலேசாகத் தொட்டுக் காய்ச்சினால் ஆழ்ந்த நீல நிறம் வரும். குரோமிய உப்பு என்றால் பச்சை. எந்த உலோகம் என்று நிறமே காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த மணிக்கு ஆங்கிலத்தில் 'பீட்' என்று பெயர். துளையிட்டு நூலில் கோக்கும் பாசிமணிக்கும் அதே பெயர்தான். நான் இயற்பியல்காரன், போராக்ஸ் சோதனை அடுத்த அறைக்காரர்களுடையது. ஆனாலும் ஒரு நாள் ஒரு மாணவி தடித்த ஆங்கில அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், 'பீட்' என்ற சொல்லுக்கு முதல் பொருள் 'பிரார்த்தனை' என்று போட்டிருக்கிறது. உருண்டை என்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. அச்சுப் பிழையா?" என்று கேட்டாள்.

அச்சுப் பிழை இல்லை. வரலாற்று முறையில் தொகுக்கப்பட்ட பெரிய அகராதிகளில் பழைய பொருள் முதலிலும், புதிய பொருள் பின்னாலும் வரும். அப்படியானால் கேள்வி இன்னும் கடினமாகிவிடுகிறது அல்லவா? பிரார்த்தனை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. வாயால் சொல்வது, மனத்தால் நினைப்பது. அது எப்படிக் கையில் பிடிக்கக்கூடிய ஓர் உருண்டை ஆயிற்று?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் பிரார்த்தனைக்கு 'யெபெட்' என்று பெயர். இதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'கெபேட்' என்றால் அங்கே பிரார்த்தனை. 'தயவு செய்து' என்பதற்கு ஜெர்மானியர் சொல்லும் 'பிட்டெ' என்ற சொல்லும் இதே குடும்பந்தான். இரந்து வேண்டுவது என்பது அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முன்னொட்டு காலப்போக்கில் தேய்ந்து விழ, 'பெடெ' என்று நின்று, பிறகு 'பீட்' ஆயிற்று.

இந்தப் பழைய பொருளுக்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. செல்வர்கள் ஏழை முதியவர்களுக்கு உணவும் இருப்பிடமும் கொடுத்து, 'என் ஆன்மாவுக்காக நாள்தோறும் பிரார்த்தனை செய்' என்று அமர்த்துவது அக்கால வழக்கம். அப்படி அமர்த்தப்பட்டவருக்குப் 'பீட்ஸ்மன்' என்று பெயர். மணி விற்பவர் என்றோ, மணி செய்பவர் என்றோ நினைத்துவிடாதீர்கள்! அவர் கையில் ஓர் உருண்டைகூட இல்லாவிட்டாலும் அவர் பீட்ஸ்மன்தான். பிரார்த்தனைக்காரர் என்பதே அதன் பொருள்.

முந்நூறு கூழாங்கற்கள்

உருண்டை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது வந்தது எண்ணிக்கையின் வழியாக.

ஒரே பிரார்த்தனையைப் பல முறை சொல்லும் வழக்கம் பல சமயங்களில் உண்டு. பழைய எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த பால் என்னும் கிறிஸ்தவத் துறவி நாள்தோறும் முந்நூறு பிரார்த்தனைகள் சொல்வாராம். கணக்குத் தவறக் கூடாது என்பதற்காக முந்நூறு கூழாங்கற்களை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு பிரார்த்தனைக்கு ஒரு கல்லாகப் போட்டுக்கொண்டே வருவார் என்று பழைய சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். (சிறு கல்லுக்கு இலத்தீனில் 'கால்குலஸ்' என்று பெயர். கணக்குப் பாடத்தில் உங்களில் சிலரை மிரட்டப் போகும் நுண்கணிதத்துக்கும் அந்தப் பெயர்தான். அது கூழாங்கல்தான் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும்.)

முந்நூறு கற்களைச் சுமப்பது எவ்வளவு தொல்லை! நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். ஐம்பது கற்களுக்கே சட்டைப்பை கிழிந்துவிடும். கல்லுக்குப் பதிலாகத் துளையிட்ட உருண்டைகளை நூலில் கோத்து, நூலின் இரு முனைகளையும் முடிந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. உருண்டை தொலையாது, கீழே குனிந்து பொறுக்க வேண்டாம், இருட்டிலும் விரல் எண்ணிக்கொள்ளும். ஒரு சுற்று வந்தால் எத்தனை என்பது மாலை கட்டியவருக்கு முன்பே தெரியும். பொறியியல் நோக்கில் பார்த்தால் இது ஒரு நல்ல எண்ணும் கருவி. மின்கலம் வேண்டியதில்லை, பழுதாவதில்லை. நம் நாட்டு ஜபமாலையில் 108 மணிகள்; முஸ்லிம்களின் தஸ்பீஹ் மாலையில் 99 அல்லது 33. எல்லாமே இந்தக் கருவியின் வடிவங்கள்.

இங்கிலாந்தில் இதற்கான பழைய சான்று ஒன்று சுவையானது. காவண்ட்ரி நகரத்தில் மடாலயம் ஒன்றை ஏற்படுத்திய காட்கிஃபு என்னும் சீமாட்டி பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கதைகளில் கொடைவா என்று வரும் பெண்மணி இவர்தாம். இவர் விலையுயர்ந்த கற்களை ஒரு நூலில் கோத்து வைத்திருந்தாராம். ஒவ்வொரு பிரார்த்தனையைத் தொடங்கும்போதும் ஒவ்வொரு கல்லாகத் தொட்டால் எண்ணிக்கை குறையாது என்பதற்காக. இறக்கும்போது அந்த மாலையை மாதாவின் சிலைக்கு அணிவிக்கும்படி சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்குப் பின் சுமார் அறுபது ஆண்டுகள் கழித்து வில்லியம் என்ற துறவி இதைத் தம் இலத்தீன் நூலில் எழுதியிருக்கிறார்.

மடாலயத்தில் வாழ்ந்த துறவிகள் திருமறையிலுள்ள 150 சங்கீதங்களையும் ஓதுவார்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். கையில் ஏடும் உண்டு. வயலில் உழுபவனும் ஆடு மேய்ப்பவனும் என்ன செய்வார்கள்? மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சிறு பிரார்த்தனையை 150 முறை சொன்னார்கள். கிறிஸ்தவ ஜெபமாலையில் பத்துப் பத்தாகச் சிறு மணிகள் இருப்பதும், மூன்று சுற்று வந்தால் 150 ஆவதும் இதனால்தான். எழுத்தறியாதவர்களின் ஏடு அது.

சொல் மாறிய இடம்

சொல் எப்படிப் புரண்டது என்பதைக் கவனியுங்கள். ஒரு மூதாட்டி கோயில் மூலையில் உட்கார்ந்து மாலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். 'பாட்டி என்ன செய்கிறாள்?' என்று குழந்தை கேட்கிறது. 'தன் பீட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்' என்கிறாள் தாய். தாய் சொன்னது பிரார்த்தனைகளை. ஆனால் குழந்தைக்குக் கண்ணில் தெரிவது என்ன? விரலுக்கு இடையே ஒவ்வொன்றாக நகரும் உருண்டைகள். ஓ, அவைதாம் பீட்கள் போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் பேசுகிறார்கள். யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் பொருள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது நழுவிவிட்டது.

இந்தக் குழந்தையும் தாயும் என் கற்பனை. ஆனால் நழுவியது உண்மை. பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களில் 'பீட்' மாலையின் உருண்டையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேண்டர்பரி கதைகளில் கன்னிமடத் தலைவி ஒருத்தி வருகிறாள். அவள் கையில் பவளத்தால் ஆன பீட் மாலை. இடையிடையே பச்சை நிறப் பெரிய மணிகள். அதில் தொங்கும் தங்கப் பதக்கம் ஒன்று. இங்கே பீட் என்பது பிரார்த்தனையாக இருக்க முடியாது. பிரார்த்தனையைப் பவளத்தால் செய்ய முடியாதல்லவா?

ஒரு சோதனையை ஒரு முறை செய்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே இரண்டாவது சோதனையும் நமக்குக் கிடைக்கிறது. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்னும் பிரார்த்தனையின் இலத்தீன் வடிவம் 'பாத்தர் நோஸ்தர்' என்று தொடங்கும். ஐரோப்பாவில் மக்கள் இதை எண்ணி எண்ணிச் சொன்னதால், எண்ணும் மாலைக்கே 'பாத்தர்நோஸ்தர்' என்று பெயர் வந்துவிட்டது! பாரிஸ் நகரத்துத் தொழிற்சங்க விதிகளை எத்தியேன் புவாலோ என்ற அதிகாரி சுமார் 1268-இல் தொகுத்தார். அதில் பாத்தர்நோஸ்தர் செய்பவர்கள் தனித்தனிச் சங்கங்களாக வருகிறார்கள். எலும்பிலும் கொம்பிலும் செய்பவர்கள் ஒரு சங்கம். பவளத்திலும் சிப்பியிலும் செய்பவர்கள் ஒரு சங்கம். அம்பரில் செய்பவர்கள் இன்னொரு சங்கம். வேறு மொழி, வேறு சொல். ஆனால் அதே நழுவல். ஆகவே முதல் முறை நடந்தது தற்செயல் அல்ல.

எண்ணுவதைப் பற்றிய இன்னொரு சொல்லும் இந்தக் கதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாலை உருட்டுவதை ஆங்கிலத்தில் 'டெல்லிங்' என்பார்கள். 'டெல்' என்றால் சொல்வது என்றுதானே படித்திருக்கிறோம்? பழைய ஆங்கிலத்தில் அதற்கு எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவர் 'டெல்லர்' எனப்படுவது அதனால்தான். அவர் நமக்குக் கதை ஒன்றும் சொல்வதில்லை.

பாத்தர்நோஸ்தர் என்ற சொல் மாலையோடு நின்றுவிட்டது. பீட் மட்டும் ஏன் எல்லா உருண்டைகளுக்கும் பெயராயிற்று? எனக்குத் தோன்றும் காரணம் இது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. 'பிரேயர்' என்ற சொல்லும் அவற்றோடு வந்து, பிரார்த்தனை என்ற வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பீட் வேலையிழந்த சொல்லாயிற்று. வேலையிழந்தவன் கிடைத்த வேலையைப் பற்றிக்கொள்வான் அல்லவா?

பிறகு அரசியலும் குறுக்கிட்டது. இங்கிலாந்து ரோமாபுரியின் தலைமையை உதறிய பிறகு, ஜெபமாலையே சந்தேகத்துக்கு உரிய பொருளாயிற்று. எலிசபெத் அரசி காலத்தில், 1571-இல் இயற்றிய ஒரு சட்டம் ரோமிலிருந்து சிலுவைகள், படங்கள், பீட்கள் ஆகியவற்றைக் கொண்டுவருவதைத் தடை செய்தது. வீட்டில் மாலை வைத்திருப்பவர் அதை ஒளித்துவைக்க வேண்டிய காலம் அது. ஆனால் அதே காலத்தில் பெண்கள் கழுத்தில் அணிந்த கண்ணாடி மணிகளுக்கும் பெயர் பீட்தான்! அந்தப் பெயரை யாரும் தடை செய்யவில்லை. பிரார்த்தனையை மறந்துவிட்டு உருண்டையை மட்டும் பிடித்துக்கொண்டு சொல் தப்பித்துவிட்டது.

நம் மணி

நம் மொழியில் 'மணி' போன வழியையும் இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மணி என்றால் இரத்தினம், மாலையில் கோக்கும் பாசி, நெல்மணி, கண்மணி, கோயிலில் அடிக்கும் மணி. அடிக்கும் மணி பொழுதை அறிவித்ததால், 'மணி என்ன?' என்று பொழுதையே அந்தப் பெயரால் கேட்கிறோம். எண்ணும் கருவியின் பெயர், எண்ணப்படும் பொருளுக்கு வந்துவிட்டது. பீட் கதையிலோ, எண்ணப்பட்ட பிரார்த்தனையின் பெயர் எண்ணும் கருவிக்கு வந்தது. ஒரே பாலம், இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் 'பீடு' என்றால் பெருமை. பிரார்த்தனை பெருமைக்குரியது, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. பழைய ஏடுகளில் படிப்படியாக மாறிய வடிவங்களைக் காட்ட வேண்டும். பீட் என்ற சொல்லுக்கு 'யெபெட்'டும் 'பெடெ'யும் கிடைக்கின்றன. பீடுக்கும் அதற்கும் நடுவே ஒன்றுமே கிடையாது.

உருண்டையானபின் சொல் சும்மா இருக்கவில்லை. நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளியை ஆங்கிலேயர் பீட் என்றார்கள். நாம் முத்து முத்தாக வியர்த்தது என்கிறோம்; அவர்களுக்கு மணியாகத் தெரிந்தது நமக்கு முத்தாகத் தெரிகிறது. வேட்டைத் துப்பாக்கிக் குழாயின் முனையில் குறி பார்ப்பதற்காக இருக்கும் சிறு உலோகக் குமிழும் பீட். தச்சர்கள் கதவிலும் கண்ணாடிச் சட்டத்திலும் அடிக்கும் மெல்லிய மரப்பட்டியைப் 'பீடிங்' என்கிறார்களே, அதுவும் இந்த வம்சந்தான். பழைய கட்டடங்களில் மணிகளை வரிசையாகச் செதுக்கிய விளிம்பு அலங்காரத்துக்கு ஏற்பட்ட பெயர், மணிகள் போய் வழவழப்பான பட்டியானபின்னும் நிலைத்துவிட்டது. சைக்கிள் டயரின் உள்விளிம்பில், சக்கர வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் தடித்த ஓரமும் பீட். வெல்டிங் செய்யும்போது உருகி உறைந்து நிற்கும் உலோக வரியும் பீட். இவற்றில் உருண்டை எங்கே? பிரார்த்தனையைக் கைவிட்ட சொல், பிறகு உருண்டையையும் கைவிடத் தொடங்கிவிட்டது!

நூலில் தானே கோத்துக்கொள்ளும் மணி

இனி என் துறைக்கு வருகிறேன். போராக்ஸ் துளியும் வியர்வைத் துளியும் மணி வடிவம் எடுப்பானேன்? யாரும் அவற்றை உருட்டவில்லையே?

திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்று படித்திருப்பீர்கள். முடிந்தவரை குறைந்த பரப்பில் அடங்குவதே அதன் போக்கு. ஒரு கன சென்டிமீட்டர் பொருளைக் கனசதுரமாகச் செய்தால் அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே கோளமாகச் செய்தால் சுமார் 4.84 சதுர சென்டிமீட்டர்தான். இதைவிடக் குறைந்த பரப்புள்ள வடிவம் கிடையாது. ஆகவே துளி சிறியதாக இருந்து, புவியீர்ப்பு அதை அதிகமாக நசுக்காத வரையில், அது கோளமாகவே நிற்கப் பார்க்கும். சேப்பங்கிழங்கு இலைமேல் சிறு துளி முத்தாக ஓடுகிறது. பெரிய துளி தட்டையாகப் படுத்துவிடுகிறது. மழை நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அதிகாலையில் சிலந்தி வலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வோர் இழையிலும் பனித்துளிகள் ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஜெபமாலை போலவே கோத்திருக்கும். துளையிட்டவர் யார்? கோத்தவர் யார்?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் இழை ஒரு முழம் எடுத்து, இரண்டு ஆணிகளுக்கிடையே இறுக்கிக் கட்டுங்கள். விளக்கெண்ணெயை விரலில் தொட்டு இழை முழுவதும் ஒரே சீராகத் தடவுங்கள். இப்போது இழையைச் சுற்றி எண்ணெய் ஒரு மெல்லிய குழாய்போல் படிந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிராக வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். குழாய் அங்கங்கே இடுப்புச் சிறுத்து, இடையிடையே பருத்து, சிறிது நேரத்தில் வரிசையான மணிகளாகப் பிரிந்துவிடும்.

பெல்ஜிய விஞ்ஞானி ஜோசப் பிளேட்டோ இதை ஆராய்ந்து 1873-இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவர் கண்பார்வை இழந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சோதனைகளைப் பிறர் செய்து, கண்டதைச் சொல்ல, அவர் மனத்துக்குள் பார்த்து விளக்கினார். திரவ உருளை ஒன்றின் நீளம் அதன் சுற்றளவைவிட அதிகமாகிவிட்டால், அது உருளையாக நிலைத்திருக்க முடியாது. மணிகளாக உடைந்தால்தான் பரப்பு குறையும் என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் ராலே பிரபு இதற்குக் கணக்கு எழுதினார். சி. வி. பாய்ஸ் என்பவர் சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகள் சோப்புக் குமிழிகளைப் பற்றிய நூலாக 1890-இல் வெளிவந்தன. அதில் அவர் மெல்லிய படிக இழையில் விளக்கெண்ணெய் பூசிச் செயற்கைச் சிலந்தி வலையே செய்து காட்டுகிறார். சிலந்தியும் தன் இழையில் பசையைச் சீராகத்தான் பூசுகிறது; அதை மணி மணியாக உடைப்பது பரப்பு இழுவிசையின் வேலை.

மணி செய்யும் கைத்தொழிலாளர்களும் இந்த விசையை நெடுங்காலமாகவே கூலியில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் வாணிகம் செழித்திருந்த அந்த ஊரில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பார்கள். அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டின் விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். கழுத்தில் அணிய முடியாது. அதனால் துண்டுகள் ஒட்டிக்கொள்ளாதபடி சாம்பலில் கலந்து மீண்டும் காய்ச்சுவார்கள். கண்ணாடி இளகியதும் பரப்பு இழுவிசை விளிம்புகளை மழுக்கிவிடும். துளையுள்ள வழவழப்பான மணி தயார். ஒவ்வொன்றாக அரம் போட்டுத் தேய்க்க வேண்டிய பாடு இல்லை.

இக்காலத்தில் மணிகள் விஞ்ஞானக் கருவிகளாகவும் ஆகிவிட்டன. இரவில் காரின் விளக்கு ஒளி பட்டதும் சாலையின் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிறதே, அந்த வண்ணப்பூச்சில் மிகச் சிறிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கின்றன. ஒளிக்கற்றை மணிக்குள் நுழைந்து ஒளிவிலகல் அடைந்து, பின்புறத்தை நோக்கிக் குவிந்து, அங்கே எதிரொளிக்கப்பட்டு, வந்த வழியே திரும்புகிறது. ஒளிவிலகல் எண் 2 ஆக உள்ள கோளத்தில் குவியம் சரியாகப் பின்பரப்பிலேயே விழும். சாதாரணக் கண்ணாடிக்கு எண் 1.5, அதன் குவியம் பின்பரப்புக்கு வெளியே, விட்டத்தில் கால் பங்கு தொலைவில் விழும். ஆகவே அது திருப்பி அனுப்பும் ஒளி சற்றுப் பரவலாக இருக்கும். மேல்வகுப்புக்குப் போனதும் சூத்திரத்தைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உயிரியலிலும் மணிமாலை உண்டு. 1974-இல் ஆலின்ஸ் தம்பதியர் உயிரணுவின் உட்கருவிலிருந்து வெளிப்பட்ட இழைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்துக் காட்டினார்கள். நூலில் மணிகள் கோத்தது போலவே இருந்தன அவை. ஒவ்வொரு மணியும் புரதத்தாலானது, அதன்மேல் டி.என்.ஏ. இழை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கிறது. இங்கே நூல் மணிக்குள்ளே போகவில்லை, வெளியே சுற்றிக்கொண்டு போகிறது. ஆனாலும் விஞ்ஞானிகள் 'நூலில் கோத்த பீட்கள்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

விண்வெளியில் தயாரித்து விற்பனைக்கு வந்த முதல் பண்டம் எது தெரியுமா? மணிதான்! சிறு துகள்களை அளக்க அளவுகோலாகப் பயன்பட, சரியாக ஒரே அளவுள்ள பாலிஸ்டைரின் உருண்டைகள் வேண்டியிருந்தன. பூமியில் அவற்றைப் பெரிதாக வளர்க்க முயன்றால் மிதக்கும், அல்லது அடியில் படியும். கலக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1983-இல் சேலஞ்சர் விண்ணோடத்தில், எடையற்ற நிலையில் வளர்த்தபோது குறை தீர்ந்தது. மீட்டரில் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள அந்த மணிகளை அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் 1985 முதல் சிறு புட்டிகளில் விற்றது. ஒரு புட்டியில் கோடிக்கணக்கான மணிகள் இருந்தன. எந்தப் பாட்டியாலும் எண்ணி முடிக்க முடியாது.

பாத்தர்நோஸ்தர் மாலையோடு நின்றுவிட்டது என்றேன் அல்லவா? அது முழு உண்மை அல்ல. அது வெளியே வந்து, மின்தூக்கியில் ஏறிக்கொண்டது. கதவில்லாத சிறு சிறு அறைகளை முடிவில்லாத சங்கிலி ஒன்றில் வரிசையாகக் கோத்து, ஒருபுறம் ஏறிக்கொண்டும் மறுபுறம் இறங்கிக்கொண்டும் நிற்காமல் சுற்றும் மின்தூக்கி ஒருவகை உண்டு. ஜெர்மனி போன்ற நாடுகளின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் இன்னும் ஓடுகிறது. சங்கிலியில் நகரும் அறைகள் விரலிடையே நகரும் மணிகளை நினைவூட்டியதால் அதற்குப் பாத்தர்நோஸ்தர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது யாருக்காகவும் நிற்காது. அறை நம் எதிரே வரும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த மணிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.